கடையில் ஏலும், வீட்டில் ஏலாது

அந்த வீடியோவை என் கணவர் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது நான் முன்னறைச் சோபாவில் வலது கையைத் தூக்குப்பட்டியில் போட்டபடி இருந்தேன். அவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் வீடியோவுக்குக் கீழே, "சுகமான வேலை, ஒருக்கா பாரும்" என்று எழுதியிருந்தார்.

வீடு முழுவதையும் அலுப்பில்லாமல் அடியோடு சுத்தம் செய்வது எப்படி என்பதுதான் விஷயம். ஒருநாளும் மீன் பொரிக்காத ஒரு குசினியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்கிறாள். 'அவன்' என்கிற மின்னடுப்புக்குள் ஏதோ வெள்ளைத் தூளைத் தூவுகிறாள். தண்ணீர்க் குழாயில் வினிகரில் நனைத்த டிசுவைச் சுற்றுகிறாள். மைக்ரோவேவுக்குள் எலுமிச்சம்பழத் துண்டு போட்ட தண்ணீரை வைக்கிறாள். பிறகு ஒரு கதிரையில் போய் இருந்து தேநீர் குடிக்கிறாள். நீங்கள் ஓய்வெடுங்கள், ஊத்தை தன்பாட்டில் ஊறிக் கழன்று வரும் என்கிறாள்.

"இதை எனக்கு ஏன் அனுப்பினீங்கள்?" என்று கேட்டேன்.

"உமக்குக் கை ஏலாதெல்லே. உதில கை பெரிசாத் தேவைப்படாது."

"கை தேவைப்படாதெண்டா நீங்களே செய்யலாமே."

"எனக்கு உந்த வேலையள் சரிவராதப்பா. நான் செய்தா உமக்குப் பிடிக்காது." சிரித்துக்கொண்டே எழும்பிப் போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும் அவர்கள் முதலில் எனக்குச் சொல்வது அதைத்தான். குடிக்கமாட்டார். கை நீட்டமாட்டார். ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு என் கட்டிலடியில் வந்து இருந்தார். எல்லாம் சரி. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தேநீர்க் கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறியவேண்டும் போல எனக்கு இருந்தது. எறிந்தால் துடைப்பவள் நான்தான் என்பதால் எறியவில்லை.

கை எப்படி உடைந்தது என்பதைச் சொல்லவேண்டும். நாங்கள் இலண்டனில், இல்ஃபோர்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு ஒன்றில் இருக்கிறோம். நான் ஒரு டொக்டரின் சேர்ஜரியில், அதாவது கிளினிக்கில், ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். என் கணவருக்கு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சிறிய பலசரக்குக் கடை இருக்கிறது. எங்களுக்கு ஒரு மகள். படித்து முடித்து, வேலை எடுத்து, பாதி நாட்கள் வீட்டில் இருந்தே லப்டொப்பில் வேலை செய்கிறாள். கோயில் தேருக்கு வருவதாக என் கணவரின் அக்கா பாரிஸிலிருந்து இளவேனிலிலேயே சொல்லிவிட்டா. இரண்டு கிழமை எங்களோடுதான் தங்குவா.

என் மச்சாள் ஒன்றும் சொல்லமாட்டா. பார்ப்பா. போன முறை வந்திருந்தபோது பாண் சூடாக்க அவனைத் திறந்தா. உள்ளே பார்த்தா. மூடினா. பாணைக் குளிராகவே சாப்பிட்டா. பிறகு எயார்போர்ட்டுக்குப் போகும் வழியில், "அவளுக்கும் வேலை கூடப்போல, பாவம்" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறா. அதை அவர் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். பாராட்டுச் சொல்வது போலச் சொன்னார்.

அதனால் இந்த முறை நான் முந்திக்கொண்டேன். சேர்ஜரியில் லீவு போட்ட ஒரு நாள், சாமித் தட்டுக்கு மேலே சீலிங்கில் படிந்திருந்த விளக்குக் கரியைத் துடைக்கச் சிறிய மடிப்பு ஏணியில் ஏறினேன். கரியை முதலில் காய்ந்த துணியால்தான் எடுக்கவேண்டும். ஈரத்துணி போட்டால் சீலிங் முழுக்க இழுபட்டு இன்னும் மோசமாகும். அதனால் காய்ந்த துணியோடு எட்டி எட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏணி ஒரு பக்கம் சரிந்தது. நான் சாமித் தட்டைப் பிடிக்கவில்லை, பிடித்தால் எல்லாச் சாமியும் விழும் என்று அந்த நேரத்திலும் யோசித்திருக்கிறேன். தோளடியில் எலும்பு உடைந்தது. தகடு வைத்துப் பூட்டினார்கள்.

பார்க்க வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உமக்கு ஏன் உந்தத் தேவையில்லாத வேலை? ஆர் சீலிங்கைப் பார்க்கினம்?"

வருகிறவர்கள் பார்ப்பார்கள். அவர்களே பார்ப்பார்கள். என் வீட்டுக்கு வந்து சோபாவில் இருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்டார்கள்.

வீடியோ வந்த அந்தக் கிழமையே மகளுக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவும் தானும் சேர்ந்து அவனைச் சுத்தம் செய்யப் போவதாகச் சொன்னாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவர் சோடாத் தூள் முழுப் பெட்டியையும் அவனுக்குள் கொட்டினார். தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்துப் பூசவேண்டும் என்று நான் சோபாவில் இருந்து சொன்னேன். "வீடியோவில அவள் தூவினவள்," என்றார். மேலே வினிகரை ஊற்றினார். நுரை பொங்கியதைப் பார்த்து இருவரும் குழந்தைகள் போலச் சிரித்தார்கள். பிறகு ஊறட்டும் என்று கதவை மூடிவிட்டு, அவர் கடைக்குப் போனார், அவள் மீட்டிங்குக்குப் போனாள்.

ஊறியது. ஒருநாள் ஊறியது, அடுத்த நாளும் ஊறியது. அதைத் துடைத்து எடுக்கவேண்டும் என்பது இருவருக்கும் ஞாபகம் இல்லை. நான் சொல்லாமல் இருந்து பார்த்தேன். பிறகு ஒரு மத்தியானம் மகள் பீட்சா சூடாக்க அவனைப் போட்டாள். காய்ந்து சீமெந்து போலக் கிடந்த தூளும் அதில் ஊறிக் கிளம்பியிருந்த பழைய எண்ணெயும் சேர்ந்து புகைந்து, ஸ்மோக் அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

மகள் ஒரு துவாயால் அலாரத்துக்கு விசிறிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள், ஓர் அவனுக்காக நான் இவ்வளவு டென்ஷன் ஆகத் தேவையில்லை, ஊத்தையாக இருந்தாலும் ஒருவரும் சாகப்போவதில்லை என்று. அடுத்த நாள் அவர்கள் இல்லாத நேரத்தில் குசினித் தரையில் இருந்து இடது கையால் கரண்டிக் காம்பை வைத்துச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட வலது தோள் வலித்தது. இடது கையை அசைத்தால் வலது தோள் ஏன் வலிக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வலித்தது.

அந்த நாட்களில் நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. அலுப்பில்லாத வழி என்று அந்தப் பெண் காட்டிய எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஞாபகம் வைத்திருக்கவேண்டும். தூளும் வினிகரும் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைக்கவேண்டும். ஊறப்போட்டதை எப்போது எடுக்கவேண்டும் என்று மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, அரிசி கழுவும்போதும் சேர்ஜரியில் போன் எடுக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கவேண்டும். எடுத்த பிறகு கழுவிய சிங்கைத் திரும்பக் கழுவவேண்டும். இதையெல்லாம் வீடியோவில் காட்டமாட்டார்கள். ஞாபகம் வைத்திருப்பதை எப்படிப் படம் பிடிப்பது?

தூக்குப்பட்டி கழற்றிய பிறகு கைப் பயிற்சிக்குப் பிசியோவுக்குப் போகச் சொன்னார்கள். இடம் ஃபாரஸ்ட் கேட் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை பிசியோ முடிந்து வெளியே வந்தபோது மழை தூறியது. பஸ்ஸில் இடிபட்டுப் போக மனமில்லாமல், கடைக்குப் போய் அவரோடு காரில் போகலாம் என்று நடந்தேன்.

நான் அந்தக் கடைக்குப் போவது குறைவு. எனக்கு வேண்டிய மரக்கறியும் அரிசியும் காரில் வீட்டுக்கே வந்துவிடும். கடைக் கதவில் கவுன்சில் சுகாதாரக்காரர் ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர், அதில் ஐந்து என்ற இலக்கம். அதற்கு மேலே இலக்கம் கிடையாது. அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது எப்படிக் கிடைக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

உள்ளே போனால், கல்லாவில் அவரோடு வேலை செய்கிற அண்ணை நின்றார். "உள்ளுக்குத்தான் நிக்கிறார் தங்கச்சி, போங்கோ," என்றார். பின்னுக்குப் போனேன்.

என் கணவர் தரையில் முழங்காலில் இருந்தார். கையில் நீட்டு மஞ்சள் கையுறை. பால் வைக்கும் குளிர்பெட்டியின் கதவு ரப்பரை மடிப்பு மடிப்பாக விரித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்பையும் உரஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சிங்கில் குளிர்பெட்டிக் காற்றாடியின் கம்பி வலைகள் சுடுதண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. மேல் தட்டுகள் எல்லாம் ஏற்கெனவே துடைத்து முடிந்திருந்தன. மேலிருந்து கீழே வருகிறார் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாரும், வாரும். கவுன்சில்காரர் எப்ப வருவினம் எண்டு சொல்லேலாது. அதுதான் ஒவ்வொரு செவ்வாயும் இப்பிடி." எழும்பி எனக்குக் காட்டத் தொடங்கினார். இந்தப் பிசுக்கு எடுக்கும் மருந்தைத் தட்டுகளில் அடித்து விட்டுவிட்டு முன்னுக்குப் போய் வாழைக்காயை அடுக்குவாராம். அடுக்கி முடித்து வந்தால் பிசுக்கு இளகியிருக்குமாம். பிறகு துணியால் ஒரு இழுப்பு. "உரஞ்சத் தேவையே இல்லை. இஞ்ச, விரலால தடவிப் பாரும். பாருமன்."

நான் தடவினேன். குளிர்பெட்டிக்குப் பின்பக்கம், ஒருவரும் பார்க்காத இடம். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"எவ்வளவு காலமா இப்பிடிச் செய்யிறீங்கள்?"

"கடை எடுத்த நாளிலயிருந்து. உந்த வேலையை நான் ஒருத்தரிட்டையும் விடுறேல்லை. அவங்கள் மூலை முடுக்குப் பாக்கமாட்டாங்கள்."

எனக்கு முதலில் ஒரு விதமான குளிர்தான் வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. கடை எடுத்தது மகள் சின்னப்பள்ளிக்கூடம் போன காலம். அவ்வளவு காலமும் இந்த மனிதருக்கு எந்த மருந்தை எதற்கு அடிப்பது, எவ்வளவு நேரம் விடுவது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த அறிவோடு ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, சிங்கைச் சுற்றித் தண்ணீரைத் தெளித்துவிட்டு, சோபாவில் போய் இருந்திருக்கிறார்.

"வீட்டில உங்களுக்கு இது சரிவராதெண்டு சொன்னீங்களே," என்றேன்.

"வீடு வேற, கடை வேற. இஞ்ச வெளி ஆக்கள் வந்து பாக்கிறவை. பிழை பிடிச்சா ஸ்டிக்கர் போயிடும்." குனிந்து வாளியில் பிரஷ்ஷை அலசிக்கொண்டே, மழை பெய்கிறது என்று சொல்வது போன்ற அதே குரலில் சொன்னார். "வீட்டில நீர் இருக்கிறீர்தானே."

அவர் என்னைக் காயப்படுத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. சொன்னது என்ன என்பதே அவருக்குத் தெரியவில்லை. பிரஷ்ஷை உதறிவிட்டுத் திரும்ப மடிப்புக்குள் விட்டார்.

நான் திரும்பி வெளியே வந்தேன். கல்லாவில் நின்ற அண்ணை, "என்ன தங்கச்சி, அதுக்கிடையில போறீங்கள்?" என்று கேட்டார். பஸ் வந்தது, ஏறினேன். இருக்க இடமில்லாமல் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தோள் இடிபட்டது. ஒரு பெண் எழும்பி இடம் தந்தாள். வேண்டாம் என்றேன். எனக்கு நிற்கவேண்டும் போல இருந்தது.

அன்று மாலை அவர் வந்து, "என்னெண்டு சொல்லாமல் போனீர்?" என்று கேட்டார். களைப்பு என்றேன். அதற்குப் பிறகு நான் வீட்டில் எதையும் துடைக்கவில்லை. சமைத்தேன், அதுவும் ஒரு கறி. என் கோப்பையைக் கழுவினேன். மற்றது எதையும் தொடவில்லை. சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. செய்வதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

சில நாட்களில் வீடு என்ன ஆகும் என்பதை நானே அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இலண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு குழாயடியில் வெள்ளைத் தோல் போலப் படிந்தது. அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றுறிஞ்சியிலிருந்து ஒரு எண்ணெய்ச் சொட்டு, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டே நின்றது. குளிக்கும் தொட்டியில் தலைமயிர். மகள் தன் அறைக்குள் சாப்பிட்ட கோப்பைகளை வாசலில் அடுக்கிவிட்டு, பிறகு ஒருநாள் தானே அவற்றைக் கழுவி வைத்தாள். கழுவியதை எனக்கு வந்து சொன்னாள். நான் நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாள் போல. நான் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சாள் வருவதற்கு முந்திய கிழமை, ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"அக்கா வாறாவெல்லே. வீட்டை எப்ப துப்பரவாக்கப் போறீர்?"

"நான் ஆக்கப்போறேல்லை."

"ஏன், கை நோகுதோ?"

"நோகுது. நோகாட்டிலும் நான் ஆக்கப்போறேல்லை."

சோற்றைப் பிசைந்தார். "அப்ப ஒரு ஆளைப் பிடிச்சு விடட்டே? ஈஸ்ட் ஹாமில க்ளீனிங் செய்யிற ஆக்கள் இருக்கினம்."

"கடைக்கு ஆள் பிடிக்கிறனீங்களோ?"

"கடைக்கு எப்பிடிப் பிடிக்கிறது? அவங்கள் ஒழுங்காச் செய்யமாட்டாங்கள் எண்டு சொன்னனான்தானே."

"அப்ப வீட்டையும் நீங்களே ஒழுங்காச் செய்யுங்கோ."

என் குரல் உயரவில்லை. ஆனால் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "அண்டைக்குக் கடையில வைச்சு நான் சொன்னதுக்கோ இது?" என்று கேட்டார்.

"ஓம்."

"நான் என்ன பிழையாச் சொன்னனான்? நீர் இருக்கிறீர் எண்ட நம்பிக்கையிலதானே சொன்னனான்."

"ஏணியால விழேக்கையும் நான் இருந்தனான். உங்கட அக்கா பாக்கப்போறா எண்டுதான் ஏறினனான். கவுன்சில்காரர் பாப்பினம் எண்டு நீங்கள் முழங்காலில நிக்கிறீங்கள். உங்கட அக்கா பாப்பா எண்டு நான் ஏணியில நிக்கிறன். உங்களுக்கு ஸ்டிக்கர் தருவினம். எனக்குத் தகடு."

அதற்கு மேல் ஒருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் காலையிலேயே காரில் கடைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கடை வாளியும் மருந்துப் போத்தல்களும் சுரண்டும் தகடும் நீளக் கம்புத் துடைப்பமும் கொண்டு திரும்பி வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு தொடங்கினார்.

காற்றுறிஞ்சியின் வலைகளைக் கழற்றிச் சிங்கில் சுடுதண்ணீரில் போட்டார். அவை ஊறுகிற நேரத்தில் அவனின் கம்பித் தட்டுகளைக் கறுத்தக் குப்பைப் பையில் போட்டு, மருந்தடித்து, கட்டி, தோட்டத்தில் வைத்தார். அவை ஊறுகிற நேரத்தில் மாடிக் குளியலறை. குழாய்களுக்கு வினிகர் டிசுவைச் சுற்றிவிட்டு, அது ஊறுகிற நேரத்தில் சீலிங் கரியைக் கம்புத் துடைப்பத்தில் காய்ந்த துணியைக் கட்டி நிலத்தில் நின்றபடியே துடைத்தார். ஏணி தேவைப்படவே இல்லை. ஒரு வேலை ஊற, இன்னொரு வேலை நடக்க, ஒரு நிமிடம் வீணாகவில்லை. அந்த வீடியோப் பெண்ணே வந்து பார்த்துப் படிக்கலாம். மத்தியானம் திரும்பி வெகுநேரம் ஆகவில்லை, எல்லாம் முடிந்தது. மகள் படியில் நின்று, அப்பா உண்மையில் கெட்டிக்காரர்தான் என்று ஆங்கிலத்தில் வியந்தாள்.

நான் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தேன். சந்தோஷப்படவேண்டிய நேரம் என்று எனக்குத் தெரியும். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நான் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏலாது என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். ஏலாதவரை மன்னிக்கலாம். சேர்ஜரி முடிந்து வந்து, குளிரில் விறைத்த விரல்களோடு, மகளைக் குளிக்கவார்த்துப் படுக்கவைத்துவிட்டு நான் அந்தக் குசினித் தரையைத் தேய்த்த ஒவ்வொரு நாளும், ஒரு அரை ஞாயிற்றுக்கிழமை வேலையைத்தான் தேய்த்திருக்கிறேன். அவர் அதை எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். வீடு அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கு அவ்வளவு கோபமும் ஒருநாளும் வந்ததில்லை.

மச்சாள் வந்தா. பெட்டியை உள்ளே வைத்ததும் வழக்கம்போலப் பார்த்தா. குழாயைப் பார்த்தா, சீலிங்கைப் பார்த்தா. தேநீர் போடக் குசினிக்குள் வந்து, ஒரு காரணமும் இல்லாமல் அவனைத் திறந்து பார்த்தா. "கை ஏலாமலும் வீட்டை என்ன வடிவா வைச்சிருக்கிறீர்," என்றா. வாயைத் திறந்து அவ என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல்தடவை.

"நான் இல்லை மச்சாள். உங்கட தம்பிதான் எல்லாம் செய்தவர்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தா. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தா. சிரிப்பு நின்றது. "ஐயோ, பாவம் பெடியன். கடையிலயும் மாய்ஞ்சு வீட்டிலயுமோ?" அவர் தலை நரைத்த பெடியன். அவரின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தா. "எங்கட வீட்டில ஆம்பிளையள் உந்த வேலை செய்து நான் காணேல்லை."

"அதாலதான் என்ர கை உடைஞ்சது, மச்சாள்," என்றேன்.

அவ என் தோளைப் பார்த்தா. வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தா. பிறகு கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தா. என் கணவர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "கடையில நான்தானே அக்கா எல்லாம் செய்யிறனான். இதென்ன பெரிய வேலையே."

"கடை வேற, வீடு வேற," என்றா மச்சாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. தான் சொன்னது இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நேரமாவது கேட்டாரே, அது போதும் என்று அப்போது நினைத்தேன். போதவில்லை.

மச்சாள் இரண்டு கிழமையும் இருந்தா. தேர் பார்த்தா, ஈஸ்ட் ஹாமில் சேலை எடுத்தா, என்னோடு மரியாதையாகத்தான் பேசினா. திரும்பிப் போன பிறகு பாரிஸ் முழுக்கக் கதை போய்விட்டது. அங்கேயிருந்து போன் எடுக்கிற சொந்தக்காரர் என் கணவரிடம், "உன்ர மனுசி எப்பிடி, வீட்டு வேலையெல்லாம் நீதான் பாக்கிறியாம்," என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்கள்.

அவர் நிறுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். குளியலறையும் குசினியும் இப்போது அவருடையவை. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறார், நான் ஞாபகப்படுத்துவதில்லை. முதலில் நான் கவனித்தேனா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. வினிகர் முடிந்தால் அவரே கொண்டுவருகிறார்.

ஆனால் கோபத்துக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. போன மாதம் இல்ஃபோர்டில் ஒரு கலியாண ஹோலில், ஒரு மேசையில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. "குடுத்து வைச்சனீர்," என்றார் ஒருவர். "எங்கட மனுசனுக்கும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ," என்றார் இன்னொருவர். எதிர் மேசையில் என் கணவரை ஒரு கூட்டம் சூழ்ந்திருந்தது. அவர் இரண்டு கைகளாலும் காற்றில் வலை கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார், அவர்கள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக நான் அந்த வலையைக் கழற்றிக் கழுவியிருக்கிறேன். அதற்காக ஒருவரும் அவரிடம் போய் நீ குடுத்து வைச்சனி என்று சொன்னதில்லை. அதை அந்தப் பெண்களிடம் சொன்னேன். பிறகு ஒருவர், "ஓம், அதுவும் உண்மைதான்," என்று சொல்லிவிட்டு, ரோல்ஸ் இருந்த தட்டை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துச் சாப்பிட்டேன். நல்ல உறைப்பு.

போன ஞாயிறு நான் படியில் இருந்து பிசியோவில் சொல்லித்தந்த பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். கை காதுக்கு மேலே இன்னும் போகாது, இனிப் போகாமலும் விடலாம் என்கிறார்கள். அவர் வீட்டு ஹோல் தரையை மொப் பண்ணிக்கொண்டு என் காலடி வரை வந்தார். நான் காலைத் தூக்கினேன். மொப்பை ஊன்றி நின்றார்.

"இன்னும் கோவமோ?"

"ஓம்."

"எப்ப முடியும்?"

"தெரியாது."

தலையாட்டினார். வாளியை எட்டிப் பார்த்தார். "தண்ணி ஊத்தையாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, மாற்றுவதற்காக அதைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார்.